ஞாயிறு லீக் மறுசீரமைப்பு: முதல் ஆண்டு – செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அணித் தலைவர்கள், மேலாளர்கள், அம்பயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். இந்த அறிக்கை சென்ற பொதுக்குழு தீர்மானித்த ஒரே காரியத்தைப் பற்றியது. நாக்அவுட் (தோற்றால் வெளியேறும்) போட்டியை நிறுத்திவிட்டு, சங்கத்தின் 32 கிரிக்கெட் அணிகளையும் நான்கு டிவிஷன்களாகப் பிரித்து லீக் நடத்தச் சொன்னீர்கள். நடத்தியாயிற்று. எது சரியாக வந்தது, எது வரவில்லை, அடுத்த ஆண்டுக்கு எதை மாற்ற வேண்டும் என்பது கீழே.

மாற்றியதற்கான காரணத்தைப் புதிய அணிகளுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறோம். 32 அணிகள் ஆடும் நாக்அவுட்டில் மொத்தம் 31 ஆட்டங்கள். அதில் 16 அணிகளுக்கு ஒரே ஆட்டம், 8 அணிகளுக்கு இரண்டு. அதாவது நுழைவுக் கட்டணம் கட்டியவர்களில் பாதிப் பேருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு ஆண்டு முடிந்துவிடும். டாஸ் தோற்று, முதல் மூன்று ஓவரில் நாலு விக்கெட் விழுந்தால் அவ்வளவுதான், அடுத்த வருஷம் பார்க்கலாம். கோப்பை யாருக்கு என்பதைவிட, ஓர் அணிக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கிறது என்பதுதான் நம் சங்கம் கவலைப்பட வேண்டிய விஷயம். இப்போது ஒரு டிவிஷனுக்கு 8 அணிகள், ஓர் அணிக்கு 7 ஆட்டங்கள், நான்கு டிவிஷனுக்கும் சேர்த்து 112 ஆட்டங்கள். அரையிறுதி, இறுதி எதுவும் கிடையாது. பட்டியலில் முதலில் நிற்பவரே சாம்பியன். இறுதி ஆட்டம் இல்லாத போட்டியில் பரபரப்பே இல்லை என்று சிலர் குறைபட்டார்கள். ஏழு ஆட்டம் ஆடி நான்காவதாக வந்த அணி, இரண்டு ஆட்டம் வென்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவது அதைவிடப் பெரிய குறை என்பது செயற்குழுவின் கருத்து.

மைதானமும் நாள்காட்டியும்

சென்னையில் லீக் நடத்துவதற்கு அணி தேடி அலைய வேண்டியதில்லை. மைதானம்தான் தேட வேண்டும். முழு நாளும் உறுதியாகக் கிடைத்தவை நான்கு. ஒவ்வொன்றிலும் காலையில் இரண்டு ஆட்டம் என்றால் ஒரு ஞாயிறுக்கு 8 ஆட்டம். எனவே ஒரு வாரம் இரண்டு டிவிஷன், அடுத்த வாரம் மற்ற இரண்டு. ஏழு சுற்றுக்கு 14 ஞாயிறு. ஓர் அணி வாரம் விட்டு வாரம் ஆடும் இந்த ஏற்பாடு மைதானம் போதாமையால் வந்தது. ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுவே வசதி என்று பெரும்பாலான அணிகள் எழுதியிருக்கின்றன.

பொங்கல் முடிந்த முதல் ஞாயிறு தொடங்கினால் 14 ஞாயிறு ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் முடியும். கத்திரி பிறப்பதற்குள் இரண்டு ஞாயிறு கையிருப்பில் இருக்கும். பொங்கலை ஒட்டிய கிரிக்கெட் இந்த ஊருக்குப் புதிதல்ல: ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் நடந்த பிரசிடென்சி ஆட்டமும், பின்னாளில் பொங்கல் டெஸ்டும் சேப்பாக்கத்தில் இந்த நாட்களில்தான் நடந்தன. முன்னோர்கள் வானத்தைப் பார்த்துத்தான் தேதி வைத்திருக்கிறார்கள். அக்டோபரிலேயே தொடங்கினால் என்ன, மும்பையில் 1948 முதல் காங்கா லீக்கை மழைக்காலத்தில்தானே ஆடுகிறார்கள் என்று ஒரு யோசனை வந்தது. அங்கே ஈரமான புல் பிட்ச்சில் ஆடுவதுதான் அந்தப் போட்டியின் குணமே. நமக்குக் களிமண் தரை, மேலே மேட் என்னும் விரிப்பு. வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாள் தேங்கிய தண்ணீர் வற்ற ஒரு வாரம் ஆகும். அதன்மேல் மேட் விரித்தால் பந்து விழும் இடமெல்லாம் குழியாகும். அந்த யோசனையை ஏற்கவில்லை.

ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம். ஓர் இன்னிங்ஸ் 20 ஓவர், 80 நிமிடம். இடைவேளை 15 நிமிடம். மொத்தம் 175 நிமிடம். மிச்சம் ஐந்தே நிமிடம். ஜனவரியில் விடிவதே ஆறரைக்கு மேல் என்பதால் முதல் ஆட்டம் 6:45, இரண்டாவது 10 மணி. மார்ச் நடுவிலிருந்து இரண்டையும் அரை மணி முன்னால் நகர்த்தினோம். மார்ச் கடைசியில் ஐ.பி.எல். தொடங்கிய பிறகு, சேப்பாக்கத்தில் சனிக்கிழமை இரவு ஆட்டம் இருந்தால் மறுநாள் 6:15 டாஸுக்கு ஏழு பேர் வந்து சேர்வதே பெரும்பாடு. அடுத்த ஆண்டு அட்டவணை போடுகிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ளவும்.

முதல் ஆட்டம் தாமதமானால் அடிபடுவது அந்த இரண்டு அணி மட்டுமல்ல, அடுத்து ஆட வேண்டிய இரண்டு அணியும்தான். அதனால் தாமத விதி: 80 நிமிடத்துக்கு 20 ஓவர் என்றால் ஓர் ஓவருக்கு 4 நிமிடம். தாமதமாக வரும் அணிக்கு ஒவ்வொரு 4 நிமிடத்துக்கும் அதன் பேட்டிங்கில் ஓர் ஓவர் குறையும். 20 நிமிடம் தாமதித்தால் 15 ஓவர்தான் பேட்டிங். எதிரணிக்கு முழு 20. இழந்த நேரம் அப்படியே திரும்பக் கிடைத்துவிடுவதால் இரண்டாவது ஆட்டம் பாதிக்காது. 32 நிமிடம் தாண்டினால் வாக்ஓவர்: ஆடாமலே எதிரணிக்கு வெற்றி.

மேட், பந்து, அம்பயர்

இரண்டாவது ஆட்டத்தில் பந்து தரையோடு போகிறது என்ற புகார் முதல் நான்கு வாரமும் வந்தது. போய்ப் பார்த்ததில் காரணம் பிட்ச் அல்ல, மேட்டைத் தரையோடு பிடிக்கும் ஆணி. முந்தின மாலை தண்ணீர் தெளித்து உருட்டிய மண் வெயிலேற ஏறக் காய்ந்து, ஆணியின் பிடி விடுகிறது. மேட் தளர்ந்து குட் லெங்த்தில் (பந்து வழக்கமாகக் குத்தும் இடத்தில்) ஒரு மடிப்பு விழுகிறது. மடிப்பின் முன்பக்கத்தில் பட்ட பந்து எகிறும், பின்பக்கத்தில் பட்டது உருளும். இப்போது இரண்டு ஆட்டங்களுக்கு இடையிலான 15 நிமிடத்தில், அடுத்து ஆடும் அணிகள் மேட்டை முழுக்கப் பிடுங்கித் திரும்ப அடிக்க வேண்டும். ஒரு முனையை முதலில் அடித்துவிட்டு, மறுமுனையை நாலு பேர் சேர்ந்து இழுத்துப் பிடிக்க அடிக்க வேண்டும். பிறகு நீளப் பக்கங்களை எதிரெதிர் ஜோடியாக, நடுவிலிருந்து இரு முனைக்கும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மேட் கோணிக்கொள்ளும். ஆணித் தலை மேட்டோடு சமமாக இறங்க வேண்டும். இரும்பு ஸ்பைக் போட்ட ஷூவுக்கு அனுமதி இல்லை. இரண்டு மேட்டுகள் கிழிந்தது அதனால்தான்.

பந்து சங்கமே வாங்கித் தந்தது. இன்னிங்ஸுக்கு ஒன்று வீதம் 224. தொலைவதற்கும் தையல் விடுவதற்கும் சேர்த்து 21 டஜன் வாங்கினோம். முன்பு அணிகளே கொண்டுவந்தபோது எடை குறைந்த பந்துகள் புகுந்தன. விதிப்படி பந்து 155.9 கிராமுக்குக் குறையக்கூடாது, 163ஐத் தாண்டக்கூடாது. ஒரு தபால் தராசு போதும். ஒவ்வொரு பெட்டியிலும் மூன்றை நிறுத்துப் பார்த்தே எடுத்தோம்.

பேட்டிங் அணியின் ஆட்களே அம்பயராக நின்ற காலத்தில் எல்.பி.டபிள்யூ. என்பதே இல்லாமல் போயிருந்தது. இரண்டு நடுநிலை அம்பயர் போட ஆள் இல்லை. எனவே பந்து வீசும் முனையில் சங்க அம்பயர் ஒருவர், ஸ்கொயர் லெக்கில் (பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில்) பேட்டிங் அணி ஆள். ஓவருக்கு ஓவர் அந்த ஒருவரே முனை மாறி நடந்தால், ஒரு தடவைக்கு அரை நிமிடம் வீதம் 38 தடவைக்கு 19 நிமிடம் போய்விடும். ஆகவே முதல் 10 ஓவர் ஒரே முனை, அடுத்த 10 மறுமுனை. ஓவர் முடிந்ததும் ஃபீல்டர்கள் இடம் மாறமாட்டார்கள். பேட்ஸ்மேன்கள் இருவரும் முனை மாறுவார்கள். முதல் இரண்டு சுற்றுகளில் இதை மறந்து, கடைசிப் பந்தில் சிங்கிள் எடுத்தவரையே மறுமுனையில் நிறுத்தி ரன்னை ஆள் மாற்றி எழுதிய ஸ்கோர் புத்தகங்கள் நிறைய. செயலியில் மட்டும் பதிவு செய்வதை ஏற்க முடியாது என்று சொன்னதும் இதனால்தான்: புத்தகம் இருந்ததால் திருத்த முடிந்தது.

பட்டியலில் நடந்த பிழை

வெற்றிக்கு 2 புள்ளி, டையானாலும் முடிவில்லாமல் போனாலும் 1, வாக்ஓவர் கொடுத்தவருக்கு மைனஸ் 1. புள்ளி சமமானால் நெட் ரன் ரேட், அதாவது ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தது. இதில்தான் ஐந்தாம் சுற்றுவரை பட்டியல் தப்பாக ஓடியது. பொறுப்பு செயலாளருடையது.

ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு அணி 20 ஓவரில் 148. எதிரணி 15.3 ஓவரில் 112க்கு ஆல் அவுட். ஆல் அவுட் ஆன அணி முழு 20 ஓவரும் ஆடியதாகவே கொள்ள வேண்டும்: 7.40 கழித்தல் 5.60, வித்தியாசம் 1.80. நாங்கள் 15.3 ஓவரையே வைத்துக் கணக்கிட்டோம். வென்றவருக்கு வெறும் 0.1 அளவில் வந்தது. அதிலும் 15.3 என்றால் பதினைந்தரை ஓவர், 15.5 என்று போட வேண்டும். கால்குலேட்டரில் அப்படியே 15.3 என்று அடித்தது இரண்டாவது தவறு. மூன்றாவது, ஒவ்வொரு ஆட்டத்தின் விகிதத்தையும் கூட்டி ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தது. பருவம் முழுவதற்குமான ரன்னை மொத்த ஓவரால் வகுப்பதே முறை. திருத்தியதும் இரண்டாவது டிவிஷனில் மூன்றாவது இடமும் நான்காவது இடமும் மாறின.

எங்களுக்கே தோன்றாத ஓட்டை ஒன்றை ஓர் அணி காட்டித் தந்தது. தாமதமாக வந்து 15 ஓவர் மட்டும் ஆடி 105 எடுத்த அணிக்கு விகிதம் 7.00, நேரத்துக்கு வந்திருந்தால் அதே 105க்கு 5.25. தாமதத்துக்குப் பரிசு கொடுத்திருக்கிறோம்! இனி தாமத அணியின் ஓவர் 20 என்றே கணக்கில் வரும். வாக்ஓவர் ஆட்டம் ரன் ரேட்டில் சேராது.

மேலேறுதலும் கீழிறங்குதலும்

முதல் ஆண்டில் யாரை எந்த டிவிஷனில் போடுவது என்பதற்கு, கடந்த மூன்று நாக்அவுட்டில் எட்டிய சுற்றைத் தவிர வேறு அளவுகோல் கிடைக்கவில்லை. அது நல்ல அளவுகோல் அல்ல. முதல் சுற்றிலேயே பலமான அணியோடு மோதித் தோற்றவர்களெல்லாம் கீழே போய்விட்டார்கள். அதை எதிர்பார்த்தே இந்த ஒரு முறை மட்டும் மூன்று மேலே, மூன்று கீழே என்று வைத்தோம். நடு டிவிஷன்களில் இரண்டே அணிகள்தான் நிம்மதியாக இருந்தன. மற்றவர்கள் கடைசி ஞாயிறுவரை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான்காவது டிவிஷனில் ஏழு ஆட்டத்தையும் வென்ற அணி அங்கே இருந்திருக்கவே கூடாது. இனி இரண்டு மேலே, இரண்டு கீழே.

112இல் மழையால் முடிவில்லாதவை 2, வாக்ஓவர் 6. அந்த ஆறில் ஐந்து நான்காவது டிவிஷனில், கடைசி இரண்டு சுற்றில். கடைசி டிவிஷனின் கடைசி அணிக்கு இழக்க ஒன்றுமில்லை என்பது ஒரு காரணம். தூரம் இன்னொன்று: ஐந்தில் நான்கு, நகரின் மறுகோடியில் விடிகாலை ஆட்டம். எண்ணூரிலிருந்து தாம்பரத்துக்கு 6:15க்கு பதினொரு பேர் கிட் பையோடு வர வேண்டும் என்றால் நாலு மணிக்கே கிளம்ப வேண்டும்.

இதற்காகச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானம்: மூன்றாம், நான்காம் டிவிஷன்களின் 16 அணிகளை, கூவத்தை எல்லையாக வைத்து, வடக்கு, தெற்கு என இரு மண்டலங்களாக்குவது. டி.என்.சி.ஏ. (தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம்) லீக்கின் கீழ் டிவிஷன்களில் ஏ, பி மண்டலங்களைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமானது. மண்டலத்துக்கு ஒருவர் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறுவார். மேலிருந்து இறங்கும் இருவரும் தெற்குக்காரர்களாக இருந்தால் தெற்கில் 9, வடக்கில் 7 என்றாகும். அப்போது கூவத்துக்கு மிக அருகிலுள்ள தெற்கு அணி ஓராண்டுக்கு வடக்கில் ஆடும். மூன்றாம் டிவிஷன் பலசாலிகளும் நான்காம் டிவிஷன் புதியவர்களும் மோதுவதால் ஒருதலை ஆட்டங்கள் கூடும் என்று செயற்குழுவில் நான்கு பேர் எதிர்த்தார்கள். அது உண்மைதான். ஆனாலும் ஒருதலையாக முடியும் ஆட்டம், நடக்காத ஆட்டத்தைவிட மேல் என்பது செயலாளரின் கருத்து. வாக்கெடுப்பு உங்கள் கையில்.

சேரக் காத்திருக்கும் அணிகள் 4. டிவிஷனுக்கு 9 என்று உயர்த்தினால், ஒற்றைப்படை என்பதால் சுற்றுக்கு ஓர் அணி சும்மா இருக்க, 9 சுற்று ஆகும். 18 ஞாயிறு, கத்திரி நடுவில் போய் முடியும். அதனால் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. ஒவ்வொரு மண்டலத்திலும் கடைசியாக வரும் அணி, காத்திருப்போரில் இருவருடன் ஆகஸ்டு காலை வேளைகளில் தகுதி ஆட்டம் ஆடும். முதலில் வருபவருக்கு இடம். நுழைவுக் கட்டணத்தோடு 3,000 ரூபாய் காப்புத்தொகை வாங்கப்படும். வாக்ஓவர் ஒன்றுக்கு 1,500 பிடித்தம், மிச்சம் மே மாதத்தில் திரும்பக் கிடைக்கும்.

வீரர் பதிவு அணிக்கு 18 பேர், மூன்றாம் சுற்றுக்கு முன் மூடப்படும். டி.என்.சி.ஏ. லீக்கில் ஆடுபவர்கள் முதல் இரண்டு டிவிஷனில் பதினொருவரில் இருவர்வரை, மண்டலங்களில் ஒருவர். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் ஹெல்மெட் இல்லாமல் கிரீஸுக்கு வந்தால் அம்பயர் திருப்பி அனுப்புவார்.

அடுத்த பருவத்துக்குக் குறைந்தது ஐந்து அம்பயர்கள் தேவை: மைதானத்துக்கு ஒருவர், கையிருப்பில் ஒருவர். இப்போது இருப்பவர்கள் மூவர். ஒவ்வொரு அணியும் ஒரு பெயரை நவம்பர் கடைசிக்குள் தர வேண்டும். தராத அணிக்கு முதல் சுற்றில் 6:45 ஆட்டம்தான்.

– செயலாளர்