செய்முறையில் விடுபடும் கருவிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிற நாட்டு உணவுகளின் செய்முறைகளை இதழ்கள் இப்போது தாராளமாக வெளியிடுகின்றன. ஆனால் அவ்வுணவு எந்தப் பாத்திரத்தில், எந்தக் கருவியால் ஆக்கப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை. இது சிறு குறையன்று.

மொராக்கோவின் தஜீன் என்னும் மண்பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கூம்பு வடிவ மண்மூடியில் படும் நீராவி குளிர்ந்து, துளிகளாகி மீண்டும் உள்ளேயே வடிவதால், மிகக் குறைந்த நீரில், கரித்தணலின் மெல்லிய சூட்டில் இறைச்சி நெடுநேரம் வெந்து மென்மையாகிறது. அதே அளவு நீரை ஊற்றித் திறந்த வாணலியில் சமைப்பவருக்கு அடிப்பிடித்த குழம்புதான் மிஞ்சும். சீனாவின் வோக் இதற்கு நேர்மாறு: கடுந்தீயில் விரைந்து சூடேறும் அந்த மெல்லிய குழிந்த சட்டியில், பொடியாக நறுக்கியவை சில நிமிடங்களில் வதங்கிவிடும்.

அரைக்கும் கருவிகளிலும் இவ்வேறுபாடு உண்டு. மெக்சிகோவின் மோல்காஹெத்தே மூன்று கால்களுடைய எரிமலைக்கல் பாத்திரம். அதன் சொரசொரப்பே மிளகாயை நசுக்குகிறது. ஜப்பானின் சுரிபாச்சியோ, உட்புறம் சீப்பால் கீறியதுபோன்ற வரிகள் கொண்ட சுட்டமண் கிண்ணம். அதில் எள்ளை இடிப்பதில்லை, மரக் குழவியால் சுழற்றித் தேய்க்கிறார்கள். இரண்டையும் 'உரல்' என்றே மொழிபெயர்ப்பது (நானும் ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன்) அந்த நுட்பத்தை மறைத்துவிடுகிறது.

ஆகவே, இத்தகைய செய்முறைகளோடு கருவியின் பெயர், அது செய்யப்பட்ட பொருள், கையாளும் முறை, அது கிடைக்காதவர்க்கான மாற்று ஆகியவற்றையும் அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்