சாம்பியன் பட்டியலில் 1937-க்கான வரியை முழுதாக எழுதுங்கள்

சர்வதேச மேசைப்பந்துக் கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

உலகச் சாம்பியன்ஷிப் போட்டியின் பெண்கள் ஒற்றையர் பட்டியலில் 1937-க்கு நேரே இன்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன: அமெரிக்காவின் ரூத் ஆரன்ஸ், ஆஸ்திரியாவின் ட்ரூடே ப்ரிட்ஸி. 2001-இல் நீங்கள் இருவரையும் இணைச் சாம்பியன்களாக அறிவித்தீர்கள். அதற்கு முன் 64 ஆண்டுகள் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. பெயர்களைச் சேர்த்தது நல்ல காரியம்தான். ஆனால் அந்த இடம் ஏன் காலியாக இருந்தது, அதற்கு யார் பொறுப்பு என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். இந்த மடலின் கோரிக்கை அவ்வளவே.

வியன்னாவுக்கு அருகே பாடன் நகரில் நடந்த அந்த இறுதிப் போட்டியில் ஆரன்ஸுக்கு வயது 18, ப்ரிட்ஸிக்கு 17. குறித்த நேரத்துக்குள் ஆட்டம் முடியவில்லை என்று நிறுத்தினார்கள். பட்டம் யாருக்கும் இல்லை என்று தீர்ப்பும் சொன்னார்கள். இருவரில் யாரும் விதியை மீறிப் பந்தடிக்கவில்லை, நடுவரிடம் தகராறு செய்யவில்லை. அவர்கள் செய்த குற்றமெல்லாம் பந்தைத் தவறவிடாமல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது.

அந்த நேர வரம்பு எங்கிருந்து வந்தது? முந்தைய ஆண்டு பிராக் நகரில் ஆண்கள் ஆடிய ஆட்டத்திலிருந்து. போலந்தின் அலோய்சி எர்லிக்கும் ருமேனியாவின் ஃபர்காஸ் பானெத்தும் அங்கே அணிப் போட்டியில் மோதியபோது, முதல் ஒரே ஒரு புள்ளி முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பந்து இங்கும் அங்குமாகப் போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்த நடுவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது, அவருக்குப் பதில் வேறொருவரை உட்கார்த்த வேண்டியதாயிற்று என்று ஒரு கதை உண்டு. கதையில் உப்பு கொஞ்சம் கூடியிருக்கலாம். ஆனாலும் நம்பத்தான் தோன்றுகிறது. அதே போட்டித்தொடரில் மாரின் கோல்ட்பெர்கரும் பிரான்சின் மிஷேல் அகெனோரும் ஆடிய ஆட்டம் ஏழு மணி நேரத்தையும் தாண்டியது. இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டத்தான் கடிகாரத்தைக் கொண்டுவந்தீர்கள்.

அந்த எர்லிக் 1937-இல் எங்கே இருந்தார் தெரியுமா? அதே பாடனில், ஆண்கள் ஒற்றையர் இறுதிப் போட்டியில். அவரை வென்ற 17 வயது ரிச்சர்ட் பெர்க்மன் பட்டத்தோடு வீடு திரும்பினார். நுங்கு தின்றவன் ஓடிவிட்டான், நோண்டித் தின்றவன் அகப்பட்டுக்கொண்டான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எர்லிக்கை நான் குறைசொல்லவில்லை. பின்னாளில் அவுஷ்விட்ஸ் முகாமில் அடைபட்டு உயிரோடு மீண்ட மனிதர் அவர். அன்றைய வலைக்கு ஏற்றபடிதான் அவரும் ஆடினார்.

சிக்கலே அந்த வலையில்தான் இருந்தது. அன்று அதன் உயரம் ஆறே முக்கால் அங்குலம். மட்டையில் மேலே சின்னச் சின்னப் புடைப்புகள் கொண்ட புள்ளி ரப்பர்; இன்று ரப்பருக்கு அடியில் வைக்கும் ஸ்பாஞ்சும் அது தரும் சுழலும் கிடையாது. ஓங்கி அடித்தால் பந்து வலையில் மாட்டும், அல்லது மேசையைத் தாண்டும். அடிக்கிறவன் தோற்பான், காத்திருக்கிறவன் ஜெயிப்பான் என்ற நிலையில், விவரம் தெரிந்த எவரும் காத்திருக்கத்தானே செய்வார்கள்? பாடனுக்குப் பிறகு வலையை ஆறு அங்குலத்துக்கு இறக்கினீர்கள். இன்றுவரை அந்த உயரம்தான். குறை எங்கே இருந்தது என்பதற்கு உங்கள் சொந்த விதிநூலே சாட்சி. இன்று ஒரு கேம் பத்து நிமிடங்களில் முடியாமல் இழுத்தால், அப்போது இரண்டு பக்கமும் சேர்த்து 18 புள்ளிகள் ஆகாதிருந்தால், சர்வீஸை ஒவ்வொரு புள்ளிக்கும் மாற்றுகிறீர்கள். சர்வீஸை வாங்குகிறவர் 13 முறை திருப்பி அனுப்பிவிட்டால் புள்ளி அவருக்கு. ஆட்டம் எப்படியும் ஒரு முடிவுக்கு வருகிறது, யாருடைய பட்டமும் பறிபோவதில்லை.

ப்ரிட்ஸி அடுத்த ஆண்டே லண்டனில் தனியாகப் பட்டம் வென்றார். ஆரன்ஸுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. 1936 பட்டத்தை வைத்திருந்தவர் அவர். ஒற்றையரில் உலகச் சாம்பியனான ஒரே அமெரிக்கர், ஆண்களையும் சேர்த்துச் சொல்கிறேன். ப்ரிட்ஸி 1968-இலும் ஆரன்ஸ் 1980-இலும் காலமானார்கள். உங்கள் 2001 அறிவிப்பைக் கேட்க இருவரும் இல்லை.

ஆகவே, பெயர்களோடு இதையும் சேருங்கள்: பட்டத்தை நிறுத்திவைத்தது கூட்டமைப்பு, காரணம் ஆட்டக்காரர்கள் அல்ல, அன்றைய வலையும் அவசரமாக வந்த விதியும். பிராக் ஆட்டங்களை வேடிக்கைக் கதையாக எழுதும் இடங்களிலெல்லாம் பாடன் இறுதிப் போட்டியையும் குறிப்பிடுங்கள். ஷாங்காயில் உள்ள உங்கள் அருங்காட்சியகத்தில் ஆறே முக்கால் அங்குல வலை கட்டிய மேசை ஒன்றைப் போட்டு, பக்கத்தில் பழைய புள்ளி ரப்பர் மட்டைகளையும் வையுங்கள். வருகிறவர்கள் பத்து நிமிடம் அடித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மேசைப்பந்து ரசிகன்