பாதத்தைத் தினமும் பார்

தம்பி,

உனக்குச் சுகர் வந்திருக்கிறது என்று போனில் சொன்னதும் அம்மா அழுதுவிட்டாள். எனக்கு உன் கால்கள்தான் கண்முன்னே வந்தன. மாத்திரை, சாப்பாடு பற்றியெல்லாம் அங்கே ஷார்ஜாவில் டாக்டர் சொல்லியிருப்பார், நான் காலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் கால் சுண்டுவிரல் போன கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. சித்திரை வெயில், உச்சிப்பொழுது, கோயில் பிரகாரத்தில் கல் சுட்டு எல்லோரும் ஓடுகிறார்கள், நான் நிதானமாக நடந்து வந்தேன், எனக்குச் சுடவே இல்லை. மறுநாள் பாயில் ஈரத்தைப் பார்த்து அம்மாதான் காலைத் தூக்கிப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து நீர் வடிந்திருந்தது, துளி வலி இல்லை. பல வருடம் சர்க்கரை கூடியே இருந்ததில் நரம்பு மரத்துப்போயிருந்தது. ரத்தக்குழாயும் அடைத்திருந்ததால் அந்தச் சின்னப் புண் கடைசிவரை ஆறவில்லை.

அதற்கு முந்தைய வருடமே கடைத்தெருவரை நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். வயசாகிவிட்டது என்று இருந்துவிட்டேன், அதுதான் தப்பு. கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து ஒப்பிடுகிற சோதனை ஒன்று இருக்கிறது, ஊசிகூடக் கிடையாது. கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். எனக்கு விரல் போன பிறகுதான் எடுத்தார்கள், 0.6 இருந்தது. உனக்கு இது தேவையா என்று டாக்டரிடம் கேள், பாதத்தில் நைலான் இழையை வைத்து அழுத்தி உணர்வு பார்க்கிற சோதனையை வருடம் ஒரு தடவையாவது செய்துகொள்.

நீ சிகரெட் பிடிப்பது எனக்குத் தெரியும். சர்க்கரையோடு அதுவும் சேர்ந்தால் கால் ரத்தக்குழாய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். விட்டுவிடுப்பா. மற்ற எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேள்.

சைட்டுக்குக் கிளம்பும்போது சேஃப்டி ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் போடு. ஒரு சின்னக் கல் போதும், பத்து மணி நேரம் அதன்மேல் நின்றால் புண்தான். ராத்திரி காலைக் கழுவி விரலிடுக்கைத் துடைத்து, கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தைப் பார். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம், ஈரம் நின்று புண்ணாகிவிடும். கால் ஆணி வந்தால் பிளேடு எடுக்காதே. சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டு, வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதே.

லீவில் வரும்போது உனக்கு ஒரு ஜோடி எம்சிஆர் செருப்பு, அதாவது சுகர்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு, வாங்கலாம். சாயங்காலமாகப் போவோம், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியாக அமையும்.

அப்பா