மலை ஆல்பம் பற்றி, பாப்பாவுக்கு

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்குச் சர்க்கரை இந்த மாதம் கட்டுக்குள் இருக்கிறது. நீ கேட்ட பழைய படங்களை இரண்டு கட்டாக அனுப்பியிருக்கிறேன்.

நீ தேர்ந்து வாட்சாப்பில் போட்ட 32 படங்களையும் பார்த்தோம். உன் கண் நல்ல கண், அப்பாவும் அதைத்தான் சொன்னார். கேமரன் மலைக்குக் கடைசியாகப் போன பயணத்தில் எடுத்தது மட்டும் ஒன்றுகூட இல்லை. மறந்திருப்பாய் என்று நானே ஆறு படங்களை அச்செடுத்துத் தனி உறையில் வைத்திருக்கிறேன். தேயிலைத் தோட்டப் படியில் மாப்பிள்ளை உன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பாரே, அதுவும் அதில் இருக்கிறது. போடுவதும் விடுவதும் உன் விருப்பம். உறையை மட்டும் எறிந்துவிடாதே.

மலை என்ற ஒரே பொருளில் ஆல்பம் செய்வது நல்ல யோசனை. அதை ஆண்டு வரிசையில் அடுக்காமல் உயர வரிசையில் அடுக்கு. முதலில் 833 மீட்டர் பினாங்கு மலை, அடுத்து தைப்பிங் புக்கிட் லாருட், பிறகு கேமரன் மலையின் தானா ராத்தா, முடிவில் அங்கேயே 2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங் சிகரம். பின்னணித் தாள் கரும்பச்சையில் தொடங்கி, மேலே போகப் போகப் பனிமூட்டச் சாம்பலுக்கு மாறட்டும். ஆண்டு தெரியாத படத்தில் ரயிலைப் பார். நடுவில் இறங்கி மாறி ஏறிய பழைய பினாங்கு மலை ரயில் 2010-இல் நின்றது, நேராக உச்சிக்குப் போகும் புதியது 2011-இல் வந்தது. படத்தின் முதுகில் கடைக்காரர்கள் அச்சிட்ட தேதி இருந்தால் அதையும் பார். ஆனால் அது கழுவிய தேதியாக இருக்கலாம், பயணத் தேதி என்று நம்பிவிடாதே.

ஆல்பம் 12 அங்குலச் சதுரமாக, திருகு கழற்றித் தாள் சேர்க்கக்கூடியதாக வாங்கு. 4ஆர் படம், அதாவது நாலுக்கு ஆறு அங்குலப் படம், ஒரு பக்கத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். நெருக்கினால் கண்ணுக்கு ஓய்வு இருக்காது, பெயர் எழுதவும் இடம் இருக்காது. தாளில் அமிலமும் லிக்னினும் இல்லை என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். லிக்னின் இருக்கும் தாள் பழைய நாளிதழ் போலப் பழுப்பாகும், படத்தையும் சேர்த்துக் கெடுக்கும். பிளாஸ்டிக் உறை பாலிபுரோப்பிலீனாக இருக்கட்டும். புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் அது பிவிசி, வேண்டாம்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். படத்தை ஒட்டாதே. பசையும் வேண்டாம், செலோடேப்பும் வேண்டாம், இருபக்க டேப்பும் வேண்டாம். நான்கு மூலைக்கும் போட்டோ கார்னர் போடு, படத்தின் மூலையைச் செருகும் சின்ன முக்கோண உறைதான் அது. பசை கார்னரின் முதுகில்தான் இருக்கும், படத்தைத் தொடாது. முதலில் நான்கையும் படத்தில் மாட்டி, பிறகு மொத்தமாகத் தாளில் வைத்து அழுத்து. கார்னரைத் தாளில் முதலில் ஒட்டிவிட்டால் அளவு ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் படம் வளையும். இப்படி வைத்த படத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், மனம் மாறினால் திரும்பவும் வைக்கலாம். ஒட்டியதை அப்படிச் செய்ய முடியாது.

நம் பழைய ஒட்டும் ஆல்பத்தை நான் பிரிக்கவில்லை, அப்படியே அனுப்பியிருக்கிறேன். அதன் பசை மஞ்சளாகிக் கெட்டியாகிவிட்டது. ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் படம் பிடித்து வைத்துக்கொள். பிறகு பல் இடுக்கில் விடும் நூலைப் படத்தின் அடியில் நுழைத்து, ரம்பம் போல மெல்ல இழு. நகராவிட்டால் விட்டுவிடு. இழுத்தால் மேல் படலம் உரிந்து முகம் போய்விடும். நகராததை ஆல்பத் தாளோடு சுற்றி வெட்டி எடுத்து, 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து புதிதாக அச்செடு.

வழுவழுப்பான ரசீதுகளும் டிக்கெட்டுகளும் வெப்பத்தாள், எழுத்து மங்கிவிடும். நகல் எடுத்து நகலை வை. பால்பாயிண்ட் பேனாவால் படத்தின் பின்னால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும். நிறமி மைப் பேனாவால் ஓரத்தில் எழுது, காய்ந்த பிறகே அடுக்கு. பெயர்களை அப்பா தனித்தாளில் எழுதியிருக்கிறார், அவர் கையெழுத்திலேயே வெட்டி வை.

தீபாவளிக்கும் நீ வரவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை என்றாய், சரி. போன வாரம் பேசியது மூன்று நிமிடம். சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ம் என்கிறாய்.

நான் அனுப்பிய கட்டுகளில் பினாங்கு மலைப் படம் ஒன்று வலது ஓரம் நேராக இல்லாமல் இருக்கும். அது நான் செய்தது. சித்தியோடு பேச்சு நின்ற வருஷம், கத்தரிக்கோலால் அவளை அதிலிருந்து வெட்டினேன். உன் தோளில் அவள் கை மட்டும் நின்றுவிட்டது. நெகட்டிவ் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்த வாரம் தேடி எடுத்தால், அந்தச் சுருள் ஈரத்தில் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிப் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது. சித்தியும் நானும் பேசத் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் படத்தைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன், பாப்பா. அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

அதனால்தான் ஒட்டாதே, வெட்டாதே என்று திரும்பத் திரும்ப எழுதுகிறேன். பார்க்கப் பிடிக்காத படத்தை உறையில் போட்டு, ஆல்பத்தின் பின்னட்டைக்குள் வை. யாரும் பார்க்க வேண்டாம்.

முடிந்ததும் ஆல்பத்தைப் படுக்கவைத்து வை, நிற்கவைத்தால் தாள் தொங்கும். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு பை சிலிக்கா ஜெல்லாவது போடு, நிறம் மாறினால் மாற்று. அந்துருண்டை போடாதே, அந்த வாசனை போகவே போகாது.

கேமரன் பகுதியில் இரண்டு தாள் காலியாக விட்டு வை. அவசரம் இல்லை, திருகைக் கழற்றி எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். கார்னர் மாட்டுவதில் சந்தேகம் வந்தால் கூப்பிடு. பத்து மணிக்கு மேலும் நான் விழித்துத்தான் இருப்பேன். அப்பா தூங்கிவிடுவார்.

அன்புடன்,
அம்மா