லோகனுக்காக அழுதவர்கள்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பியிருந்ததைக் காலையில்தான் பார்த்தேன். "அண்ணா, லோகன் பார்த்துட்டேன். படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்குப் போயா எல்லாரும் அப்படி அழுதீங்க? அவன்தான் அடுத்த படத்துல வந்துட்டானே!" என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை. டெட்பூல் அண்ட் வுல்வரின் படத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் லோகனுக்கு வரும் பிள்ளைகள் பலர் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன். லோகன் என்பது எக்ஸ்-மென் படங்களில் ஹியூ ஜாக்மன் நடித்த வுல்வரினின் பெயர், 2017இல் வந்த படத்தின் பெயரும் அதுதான். படம் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிவைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, 2024இல் டெட்பூல் அண்ட் வுல்வரின் வந்தபோது நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். படம் தொடங்கியதுமே டெட்பூல் லோகனின் கல்லறையைத் தோண்டுவான். உள்ளேயிருந்து எலும்புக்கூடு வரும். அந்த எலும்புகளையே ஆயுதமாக வைத்துக்கொண்டு பாட்டுக்கு ஆடியபடி சண்டை போடுவான். அரங்கமே சிரித்தது. நீயும் சிரித்தாய். என் பக்கம் திரும்பி, "ஏண்ணா, சிரிப்பு வரலையா?" என்றாய். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் உன் கேள்விக்கு நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்தவன் அவன் இல்லை. லோகனுக்கு எந்தக் காயமும் தானாக ஆறிவிடும், எப்படியும் உயிரோடுதான் இருப்பான் என்று நம்பித்தான் டெட்பூல் தோண்டுகிறான். அங்கே கிடப்பது எலும்பு. அதற்கப்புறம்தான் வேறோர் உலகத்திலிருந்து வேறொரு வுல்வரினை அழைத்து வருகிறான். 2022 செப்டம்பரில் ஹியூ ஜாக்மன் திரும்ப வருகிறார் என்று அறிவிப்பு வந்ததும் எங்களைப் போன்றவர்கள் பதறிப்போனோம். மறுநாளே அவரும் டெட்பூலாக நடிக்கும் ரயன் ரெனால்ட்ஸும் ஒரு வீடியோ போட்டார்கள். லோகன் கதை நடப்பது 2029இல், அதில் அவன் செத்தது செத்ததுதான், அதைத் தொடமாட்டோம் என்றார்கள். சொல்லிவிட்டு முதல் காட்சியிலேயே குழியைத் தோண்டினார்கள். எனக்கு அது வலித்தது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவன் நிஜமாகவே செத்துவிட்டான் என்று எலும்பை எடுத்துக் காட்டியே உறுதிப்படுத்தியதும் அந்தப் படம்தான்.

சரி, இதெல்லாம் கதைக்கணக்கு. நாங்கள் ஏன் அழுதோம் என்று சொல்ல இது போதாது.

2017 மார்ச் 3, வெள்ளிக்கிழமை படம் வந்தது. நான் மறுநாள் இரண்டாம் ஆட்டத்துக்குப் போனேன். வயது வந்தவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழ். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது, கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அழுதாய். கடைசியில், லோகனின் மகளாக வரும் சிறுமி லாரா அவன் கல்லறைச் சிலுவையைப் பிடுங்கி, எக்ஸ் எழுத்துபோலச் சாய்த்து நட்டுவிட்டுப் போகிறாள். திரை இருண்டு ஜானி கேஷின் பாட்டு தொடங்குகிறது. யாரும் எழுந்திருக்கவில்லை. அது வெறும் பழக்கம்தான். மார்வெல் பெயர் போட்ட படம் என்றால் கடைசி எழுத்து ஓடி முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்கப்புறம் ஒரு துண்டுக் காட்சி வரும் என்று பல வருடமாகப் பழகியிருந்தோம். அன்றைக்கு ஆபரேட்டரும் பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை ஓட்டினார். எனக்கு முன்வரிசையில் ஒருவர், நாற்பது வயது இருக்கும், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எழுத்துகள் மேலே போய்க்கொண்டே இருந்தன. அந்தக் கற்குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை அசையும், ஒரு விரலாவது அசையும் என்று எல்லோரும் காத்திருந்தோம் என்றே நினைக்கிறேன்.

ஒன்றும் வரவில்லை. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

ஹெல்மெட்காரர் அப்போதும் எழுந்திருக்கவில்லை. பின்னாலிருந்து யாரோ மெல்ல, "அவ்ளோதானா?" என்றார்கள். ஏமாந்தவர் குரல்போல இல்லை அது. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வெளியே வந்து சொன்னதும் ஒரு வீட்டார் கேட்பார்களே, அந்த மாதிரி இருந்தது.

உன் வயதுக்காரர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமென்றால் 2000க்குப் போக வேண்டும். முதல் எக்ஸ்-மென் படத்தில் வுல்வரினாக நடிக்க இருந்தவர் டக்ரே ஸ்காட். அவர் நடித்துக்கொண்டிருந்த இன்னொரு படத்தின் வேலை இழுத்துக்கொண்டே போனதால், இங்கே படப்பிடிப்பு தொடங்கிய பிறகு ஜாக்மன் உள்ளே வந்தார். வெளியுலகில் அதிகம் தெரியாத ஆஸ்திரேலியர், வயது 31. காமிக்ஸ் ரசிகர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. புத்தகத்தில் வுல்வரின் ஐந்தடி மூன்று அங்குலம், இவரோ ஆறடிக்கு மேலே. இவ்வளவு உயரமான ஆளா என்று திட்டினார்கள். அப்படித் திட்டியவர்கள்தான் பதினேழு வருடம் கழித்து இவரைத் தவிர வேறு யாரையும் அந்த இடத்தில் நினைத்துப் பார்க்க முடியாதென்று அழுதார்கள். தலையைக் காட்டிவிட்டுப் போனவற்றையும் சேர்த்தால் லோகன் அவருக்கு ஒன்பதாவது படம்.

காமிக்ஸில் வுல்வரின் முதலில் வந்தது 1974இல். அன்றைக்கும் இன்றைக்கும் அவனுக்குக் கிட்டத்தட்ட ஒரே வயதுதான். அங்கே சாவுக்குக்கூட அர்த்தம் கிடையாது. 2014இல் புத்தகத்தில் அவனைக் கொன்றார்கள், நாலு வருடத்தில் திரும்பி வந்துவிட்டான். அதற்கெல்லாம் ரசிகர்கள் பழகியவர்கள். ஆனால் திரையில் இருந்தது ஒரு மனிதரின் உடம்பு. முதல் படத்தில் ஒல்லியாக வந்தவர், படத்துக்குப் படம் உடம்பை ஏற்றிக்கொண்டே போனார். சட்டையில்லாத காட்சிகளுக்கு முன்னால் ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் கிடந்து நரம்பு தெரிய வைத்தார். அந்த உடம்பைப் பார்த்துத்தான் நான் பள்ளிக்கூடத்தில், வுல்வரினின் கையிலிருந்து நீளும் நகங்களைப்போல, பென்சிலை விரலிடுக்கில் சொருகிக்கொண்டு திரிந்தேன்.

அதே உடம்பை லோகனில் எப்படிக் காட்டினார்கள் என்று இன்னொரு முறை பார். தொடக்கத்தில் காருக்குள் குடித்துவிட்டுத் தூங்குகிறான். திருடர்கள் சக்கரத்தைக் கழற்றுகிறார்கள். எழுந்து வந்து நகங்களை நீட்டுகிறான், ஒன்று பாதியிலேயே நின்றுவிடுகிறது. அந்த ஒரு நொடியில் அரங்கில் சத்தம் அடங்கிப்போனது. விசில் அடிக்க வாய்க்கு விரலைக் கொண்டுபோனவர்கள் அப்படியே இறக்கினார்கள். எலும்பில் பூசிய உலோகமே அவனுக்கு விஷமாகிக்கொண்டிருக்கிறது. புண் ஆறவில்லை, காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான், படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படுகிறது. நீ அவனை இந்த நிலையில் பார்த்து, வயதான ஒரு ஹீரோ, அவ்வளவுதான் என்று நினைத்திருப்பாய். நாங்கள் அவனை 31 வயதில் பார்த்தவர்கள்.

இப்போது தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ பார்த்தது கட்டிலில் கிடந்த தாத்தாவை. உனக்கு அவர் என்றால் டெட்டால் வாசனையும் கட்டிலுக்கு அடியில் இருந்த பேசினும்தான். எனக்கு அப்படி இல்லை. பம்பாய்க்கு லோடு லாரி ஓட்டிய மனிதர் அவர். லாரி டயரைத் தனியாளாகக் கழற்றி மாட்டுவதை நான் கிட்டே நின்று பார்த்திருக்கிறேன். 2014இல் பக்கவாதம் வந்து படுத்தார். சித்தியும், அதாவது உன் அம்மாவும், நானும்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். அவரைத் தூக்கிப் பாத்ரூமுக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் திட்டுவார். அந்தத் திட்டு என்மேல் இல்லையென்று எனக்குத் தெரியும். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு நான் அந்தப் பக்கம் போனதும் துப்புவார். "நான் எப்ப போவேன்னு பாத்துட்டு இருக்கீங்க" என்று ஒருநாள் சித்தியிடம் சொன்னார். சித்தி அடுப்படியில் போய் நின்றுகொண்டாள். 2016 கடைசியில் போனார்.

மூன்று மாதம் கழித்து நான் அந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறேன். உலகிலேயே வலிமையான மூளை என்று சொல்லப்பட்ட, எக்ஸ்-மென்னின் குருவான சார்லஸ் சேவியரை, கவிழ்ந்து கிடக்கும் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறான் லோகன். மருந்து கொடுக்கப் போனால் கிழவர் திட்டுகிறார், நான் சாகத்தான் காத்திருக்கிறாய் என்கிறார். கழிப்பறைக்குத் தூக்கிப்போகிறான். பண்ணை வீட்டில் மாடிக்குத் தூக்கிப்போய்ப் படுக்க வைக்கிறான். முகத்தில் அலுப்பு, எரிச்சல். கையில் மட்டும் அத்தனை கவனம். அந்தக் கையை எனக்குத் தெரியும் தம்பி. சூப்பர்ஹீரோ படத்தில் அதைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

சேவியரைப் புதைக்கும் இடம் வருகிறதே, தண்ணீர் ஓரமாக. இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று நிற்கிறான் லோகன். வாய் வரவில்லை. இங்கே தண்ணீர் இருக்கிறது என்ற அளவுக்கு ஏதோ சொல்ல முடிகிறது. படகு வாங்கி இரண்டு பேருமாகக் கடலில் போய் இருக்கலாம் என்றுதான் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்புகிறான். வண்டி கிளம்பவில்லை. இறங்கி மண்வெட்டியை எடுத்து அந்த வண்டியைப் போட்டு அடிக்கிறான், அடித்துக்கொண்டே இருக்கிறான். எனக்கு அழுகை வந்தது அங்கேதான், கடைசிக் காட்சியில் இல்லை. தாத்தா காரியம் முடிந்த அன்றைக்கு ராத்திரி மோட்டார் ஓடவில்லை என்று நான் சுவிட்ச் பெட்டியை உடைத்தேனே, வீட்டில் எல்லோரும் என்னைக் கோபக்காரன் என்றார்களே, அது உனக்கு நினைவிருக்கும்.

ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் அழுதிருக்கிறார்கள். லாரா "அப்பா" என்று கூப்பிடும் இடம்தான் பலருக்கு. பெர்லின் திரைப்பட விழாவில் படத்தைத் திரையிட்டபோது, கடைசி நிமிடங்களில் பக்கத்தில் இருந்த ஜாக்மன் தன் கையைப் பிடித்துக்கொண்டார், அவரும் கண்ணைத் துடைத்தார், தானும் துடைத்தேன் என்று சேவியராக நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட் சொல்லியிருக்கிறார். நடித்தவர்களுக்கே அப்படியென்றால், பார்த்தவர்களைக் கேட்கவே வேண்டாம்.

எல்லோருக்கும் படம் பிடித்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் அதிகம் என்றார்கள். சேவியரைப் படுக்கையிலேயே அப்படிக் கொன்றிருக்க வேண்டாம் என்று கோபப்பட்டவர்கள் உண்டு. இளம் லோகனைப்போல உருவாக்கிய அந்த நகல் உருவம் தேவையா என்றும் கேட்டார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்கும் அது ஒட்டவில்லை. இரண்டாம் முறை பார்க்கும்போது, வயதான ஜாக்மனை அடித்துப்போடுவது அவருடைய பழைய உடம்பேதான் என்று தெரிந்தது. அப்புறம் குறை சொல்லத் தோன்றவில்லை. திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஸ்டூவர்ட் பெயர் இல்லாததில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

அதற்காக 2024 படத்தை நான் வெறுக்கிறேன் என்று நினைக்காதே. மஞ்சள் உடையில் வந்து கடைசியில் அந்த முகமூடியை இழுத்து மாட்டுவாரே, 24 வருடமாகத் திரையில் வராத முகமூடி, அப்போது உன்னைவிட நான்தான் அதிகம் கத்தினேன். 55 வயதில் அந்த உடம்பு. தொண்டை கட்டிக்கொண்டது. அவர் திரும்ப வரக்கூடாது என்று சண்டை போட்டவர்களில் பாதிப்பேர் அன்றைக்குக் கத்தியிருப்பார்கள். பிரிந்துபோனவரின் குரலைப் பழைய கேசட்டில் கேட்டால் சந்தோஷம் வராதா? வரும். அதற்காக அன்றைக்கு அழுதது பொய்யாகிவிடுமா?

இன்னொன்று. அந்தப் படத்தில் ஒரு பெண் வந்ததும் பின்வரிசையில் எல்லோரும் ஆர்ப்பரித்தார்கள். நீ "யாருண்ணா இது?" என்றாய். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சொல்லவே இல்லை. இப்போது உனக்கே தெரிந்துவிட்டது, லாரா. நடித்த டாஃப்னி கீன் 2005இல் பிறந்தவள், நீ பிறந்த அதே வருடம். நீ அழுது அடம்பிடித்த மார்ச்சில் அவளுக்கும் பன்னிரண்டுதான். ராத்திரி நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வேறொரு வுல்வரினிடம் தன்னுடைய லோகனைப் பற்றி அவள் பேசுகிற காட்சியை, இப்போது ஒருமுறை பார்.

அடுத்த மாதம் தாத்தா திதிக்கு நீ வருகிறாய் என்று சித்தி சொன்னாள். லோகனின் கறுப்பு வெள்ளைப் பதிப்பு என்னிடம் டிஸ்கில் இருக்கிறது. நீ போனில் பார்த்ததைப் பார்த்ததாகவே நான் சேர்க்கமாட்டேன். சாப்பாடெல்லாம் முடிந்து பெரியவர்கள் படுத்த பிறகு மாடி அறையில் போடலாம். தாத்தா லாரிக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு போட்டோ பழைய பெட்டியில் கிடைத்தது, அதையும் எடுத்து வைத்திருக்கிறேன். நீ பார்த்ததில்லை.

அன்புடன்,
அண்ணன்