மன உறுதி எந்த ஜவ்வில் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு கபடி வீராங்கனையைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. முட்டியில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்துகொண்ட பெண், ‘மன உறுதியால் ஐந்தே மாதத்தில் களம் புகுந்து சாதனை’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. முப்பத்தொரு வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். பிள்ளைகள் கொண்டுவந்த ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தே பாதிக் கண் போனது. மன உறுதி எந்த ஜவ்வில் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை அகப்படவில்லை. தங்கள் நிருபர் கண்டுபிடித்திருக்கிறார். வாழ்த்துகள்.

அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும், அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ‘ஐந்தே’யில் இருக்கும் ஏகாரம்தான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

என்னிடமும் ஒருத்தி இருந்தாள். பிளஸ் ஒன். ரெய்டுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டாள். அம்மாவின் தோட்டை அடகு வைத்து அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. ஆறாம் மாதம் டாக்டர் படுக்க வைத்து முட்டியை மடக்கினார், நீட்டினார், உட்கார்ந்து எழச் சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ‘விளையாடலாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டை நம்பி மாவட்டப் போட்டிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இரண்டாவது ஆட்டத்தில் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டு நடுக்கோட்டுப் பக்கம் திரும்பினாள். எதிரணியில் யாரும் தொடக்கூட இல்லை. ஊன்றித் திரும்பியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதே முட்டி, அதே ஜவ்வு.

இப்போது தஞ்சாவூரில் ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கிறாள். கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. அவள் கடைக்கு இருக்கைதான் வந்தபாடில்லை. அதைப் பற்றியும் தங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதம் வெளிவரவில்லை. அந்த வாரம் ராசிபலன் மட்டும் முழுப் பக்கம் வந்திருந்தது.

தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாகப் பின்தொடைத் தசைநாரை எடுத்து முட்டிக்குள் வைத்துக் கட்டினால், அது அங்கே பிடித்து ஜவ்வாக மாற மாதக்கணக்கில் ஆகும். வலியோ அதற்கு வெகு முன்பே போய்விடுகிறது. வலி போனதும் கால் தேறிவிட்டது என்று பிள்ளையும் நினைக்கிறது, பெற்றோரும் நினைக்கிறார்கள், கோப்பைக்குக் கணக்குப் போடும் தலைமையாசிரியரும் நினைக்கிறார். 2016-ல் நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த ஆபரேஷன் ஆன 106 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து எழுதியதைத் தங்கள் குழுவில் யாராவது படித்திருப்பார்கள். தொடை பலம், ஒற்றைக் கால் தாவல் போன்ற சோதனைகளில் தேறாமல் ஆடப் போனவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு மறுபடி முட்டியில் காயம். தேறிப் போனவர்களில் நூற்றுக்கு 6 பேர்கூட இல்லை. ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறதாம். தங்கள் பத்திரிகை ஐந்தாம் மாதத்துக்கு மாலை போடுகிறது.

இதெல்லாம் என் அக்கா மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். பிசியோதெரபி படித்தவள். தெரிய வேண்டிய நேரம் தாண்டித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு பையன் ஏழாம் மாதம் டாக்டர் சீட்டோடு வந்து நின்றான். பள்ளி வராந்தாவில் சாக்பீஸால் கோடு கிழித்து, நீளம் தாண்டுதலுக்கு வைத்திருந்த டேப்பை விரித்தேன். ஒற்றைக் காலில் தாவி, அதே காலில் இறங்கி, அசையாமல் நிற்க வேண்டும். மூன்று தடவை. நல்ல கால் 160 சென்டிமீட்டர், ஆபரேஷன் கால் 117. நல்ல காலின் தூரத்தில் நூற்றுக்கு 73. குறைந்தது 90 வேண்டும் என்பார்கள். தூரம்கூடப் பரவாயில்லை. இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து கிடுகிடுத்ததே, அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ‘நீங்க என்ன டாக்டரா சார்?’ என்று அவன் அப்பா சண்டைக்கு வந்தார். இல்லைதான். பதினோராம் மாதம் நல்ல கால் 164, மற்றது 152. அப்புறம்தான் விட்டேன்.

வராந்தாவில் நான் செய்தது முழுச் சோதனை ஆகாது. நல்ல காலும் சும்மா கிடந்து இளைத்திருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். தொடை பலத்தைத் தனியாக அளக்க வேண்டும், களைத்த பிறகு எப்படி இறங்குகிறான் என்று பார்க்க வேண்டும். பயம் போய்விட்டதா என்று அறியக்கூட 12 கேள்விகள் உள்ள படிவம் ஒன்று இருக்கிறது. ஆக, மன உறுதியையும் அளக்கத்தான் செய்கிறார்கள். தலைப்பில் அல்ல.

கிரிக்கெட் வீரர் ஜடேஜாவுக்கு 2022 செப்டம்பரில் முட்டி ஆபரேஷன். குணமானதும் நேராக டெஸ்டிலா இறக்கினார்கள்? 2023 ஜனவரியில் நம் சேப்பாக்கத்திலேயே தமிழ்நாட்டு அணிக்கு எதிராக, உள்நாட்டுப் போட்டியான ரஞ்சி ஆடவிட்டுப் பார்த்தார்கள். ஒரே இன்னிங்ஸில் நம் பையன்கள் ஏழு பேரைச் சாய்த்தார். அதற்குப் பிறகுதான் நாக்பூர் டெஸ்ட். தாங்கள் அந்த ஏழு விக்கெட்டையும் படத்தோடு போட்டீர்கள், அவர் எதற்காக அங்கே வந்தார் என்பதற்கு ஒரு வரி இல்லை. கோடிகளில் புரளும் காலுக்கு அத்தனை பொறுமை. கடன் வாங்கித் தைத்த காலுக்கு ‘ஐந்தே மாதம்’. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்க்கும் ஊரில் வேறென்ன எதிர்பார்ப்பது என்று என் மனைவி கேட்கிறாள். அது தனிக் கடிதம்.

இப்போதைக்கு ஒன்றே ஒன்று. காயத்திலிருந்து யாராவது திரும்பினார் என்று எழுதும்போது, ஆபரேஷன் ஆகி எத்தனை மாதம், என்ன சோதனை, யார் செய்தார்கள் என்று தங்கள் நிருபர் கேட்டு ஒரு வரி சேர்க்கட்டும். சோதனையே இல்லை என்றால் அதையும் எழுதட்டும். அதற்கும் இடமில்லை என்றால் அந்த ஏகாரத்தையாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மன்னார்குடி வட்டம்.

பி.கு.: பெயரைப் போட வேண்டாம். முன்பு பள்ளி மைதானம் பற்றி எழுதியபோது இனிஷியலை மாற்றிப் போட்டீர்கள். ஊரார் பாராட்டெல்லாம் வேறொரு வாத்தியாருக்குப் போய்ச் சேர்ந்தது. அவரும் மறுக்கவில்லை.