ஆலோசனை அறையில் தாயக்கட்டைக்கு என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியே மனநல ஆலோசனை தருவதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: “முக்கால் மணி நேரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு விளையாடி அனுப்புகிறார்களே, இதை வீட்டிலேயே செய்ய மாட்டோமா?” நியாயமான கேள்வி. குழந்தைக்கு விளையாட்டுதான் மொழி என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வது அதற்குப் பதிலாகாது. அந்த அறைக்குள் என்ன நடக்க வேண்டும், எது இல்லாவிட்டால் அது வெறும் பொழுதுபோக்கு ஆகிவிடும் என்பதைக் குழந்தைகளோடு பணிபுரிகிறவர்கள் என்ற முறையில் விவரமாகச் சொல்ல விரும்புகிறோம்.

பலர் வீட்டில் இருக்கும் தாயத்தையே எடுத்துக்கொள்வோம். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு முகம். தாயம், அதாவது ஒன்றில் 1, மற்றதில் 0, விழுந்தால்தான் காய் இறங்கும். இரண்டு கட்டைகளும் விழக்கூடிய 16 விதங்களில் தாயம் இரண்டே விதம், எட்டுக்கு ஒன்று. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமலே போக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தோற்றால் காயை வீசியெறிகிற, தன் முறை வரும்வரை உட்கார முடியாத எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தக் காத்திருப்புதான் பயிற்சி. ஆனால் விதியை அப்படியே வைத்தால் முதல் நாளே கட்டை சுவரில் போய் விழும். விவரம் தெரிந்த ஆலோசகர் முதல் இரண்டு வாரம் 1, 5, 6, 12 (இரண்டிலும் 0 விழுந்தால் 12) எது விழுந்தாலும் காயை இறக்கலாம் என்பார். 16இல் 6 வாய்ப்பு. அடுத்து 1, 5 மட்டும், 16இல் 4. தாங்கும் தெம்பு வந்த பிறகே வழக்கமான விதி. உருட்டும் முன் ஒரு நீண்ட மூச்சு, “இப்ப கோவம் பத்துக்கு எவ்வளவு?” என்று ஒரு கேள்வி. பிள்ளை சொல்லும் எண் குறிப்பேட்டில் ஏறும். ஏழைத் தாண்டினால் ஆட்டம் அப்படியே நிற்கும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், காய்கள் கலையாது.

கதவிடுக்கில் பார்க்கிறவருக்குத் தெரிவது கட்டை உருள்வது மட்டுமே. குறிப்பேட்டில் தெரிய வேண்டியது வேறு: காய் வெட்டுப்பட்டபோது கோபம் எத்தனைக்கு ஏறியது, இறங்க எத்தனை நிமிடம் ஆனது, சென்ற மாதத்தைவிட அந்த நிமிடங்கள் குறைந்தனவா. இங்கே பலர் சறுக்குகிற இடம், பிள்ளை அழுகிறதே என்று விட்டுக்கொடுத்து ஜெயிக்க வைப்பது. பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு அந்தப் பெரியவர் சொல்லும் பாராட்டையும் நம்ப மாட்டார்கள். எளிதாக்க வேண்டும் என்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே, இருவருக்கும் பொதுவாக, வெளிப்படையாக விதியைத் தளர்த்த வேண்டும்.

இது புதிதாக முளைத்த மோஸ்தர் இல்லை. 1920களின் இறுதியிலேயே லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் மணல் தட்டையும் சின்னஞ்சிறு பொம்மைகளையும் கொடுத்துக் குழந்தைகளைத் தங்கள் உலகத்தை அமைக்கச் சொன்னார். விளையாட்டுச் சிகிச்சைக்கு அடிப்படை நூலான வர்ஜீனியா ஆக்ஸ்லைனின் புத்தகம் 1947இல் வந்தது. அவர் வகுத்த முறையில் பிள்ளைதான் வழிகாட்டும். பெரியவர் ஏவுவதில்லை, அவசரப்படுத்துவதில்லை. தாயத்தில் சொன்னது ஆலோசகர் திட்டமிட்டு நடத்தும் வழி. இரண்டும் வேறு வேறு. எந்தப் பிள்ளைக்கு எது என்று தீர்மானித்துவிட்டுத்தான் பொம்மை அலமாரியைத் திறக்க வேண்டும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக டேனியல் லெகாஃப் அமெரிக்காவில் உருவாக்கி 2004இல் ஆய்வாக வெளியிட்ட லெகோ முறை (லெகோ என்பது ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் துண்டுகள்), வேலைப் பங்கீட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்று பிள்ளைகள், மூன்று பொறுப்பு. படம் பார்த்து வழி சொல்பவர் ஒருவர், கேட்ட துண்டைத் தேடி எடுத்துத் தருபவர் ஒருவர், பொருத்துபவர் ஒருவர். படம் ஒருவர் கையில் மட்டும். துண்டுகள் இன்னொருவர் கையில் மட்டும். பேசாமல் எதுவும் நகராது. “சிவப்பு, நாலு புள்ளி, தட்டையானது” என்று கேட்டே ஆக வேண்டும். சிறிது நேரத்துக்குப் பின் பொறுப்பு மாறும். தகராறு வந்தால் பெரியவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. “இங்க ஒரு சிக்கல் இருக்கு போல. என்ன பண்ணலாம்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பத்து விநாடி மௌனத்தைப் பொறுக்க முடியாமல் தானே துண்டை எடுத்துப் பொருத்திவிடும் உதவியாளரால்தான் பாதிக் குழுக்கள் கெடுகின்றன.

வளரிளம் பருவத்தினருக்கு இவை போதாது. பதின்மூன்று வயதுப் பையன் மணல் தட்டைப் பார்த்தாலே “நான் சின்னப் பிள்ளையா?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்த வயதுக்கு அமெரிக்காவில் பல ஆலோசகர்கள் கையில் எடுத்திருப்பது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற மேசைக் கதையாட்டங்கள். 1974இல் வெளிவந்த இந்த ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் கதையை நடத்துவார். செய்ய நினைக்கும் காரியம் பலிக்குமா என்பதை 20 முகப் பகடை சொல்லும். 1980களில் அங்கே இதே ஆட்டத்தைப் பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தள்ளுகிறது, பேய் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று தூற்றினார்கள். ஆராய்ந்து பார்த்தவர்கள் காரணத் தொடர்பு எதையும் காணவில்லை. நம் ஊரில் கார்ட்டூன், ஜப்பானிய அனிமே என்றாலே பதறுகிற பெற்றோர் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிகிச்சைக்காக இதை நடத்தும்போது குழுவில் நான்கிலிருந்து ஆறு பேர் போதும். ஏழாவது ஆள் வந்தால் ஒருவர் வாய் திறக்காமலே வீட்டுக்குப் போவார். வயது வித்தியாசம் இரண்டு, மூன்று ஆண்டுக்குள் இருக்கட்டும். சேர்க்கும் முன் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து ஒரு குறிக்கோளை எழுதிக்கொள்ள வேண்டும். ‘தன்னம்பிக்கை வளர்வது’ போன்ற மொட்டை வாசகம் உதவாது, ‘வகுப்பில் சந்தேகம் கேட்பது’ என்பது உதவும். ஒன்றரை மணி நேர அமர்வில் முதல் பத்து நிமிடம் வாரம் எப்படிப் போனது என்று விசாரிப்பு, ஒரு மணி நேரம் கதை, கடைசி இருபது நிமிடம் பேச்சு. முதல் அமர்வில் கதையே கிடையாது; பாத்திரம் உருவாக்குவதும், எந்தெந்த விஷயம் கதையில் வரவே கூடாது என்று எழுதி வைப்பதும்தான். சாவு, நாய்க்கு அடி, குடித்துவிட்டு வரும் அப்பா என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொன்று இருக்கும். மேசை நடுவே ஓர் அட்டை கிடக்கும். யார் அதைத் தொட்டாலும் காட்சி அங்கேயே நிற்கும். குழுவில் காரணம் கேட்பதில்லை, ஆலோசகர் பிறகு தனியாக விசாரிப்பார்.

இனி அந்த ‘சந்தேகம் கேட்பது’ எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். முதலில் பையன் தள்ளி நின்று சொல்வான்: “என் ஆளு கடைக்காரன்கிட்ட கயிறு இருக்கான்னு கேக்குறான்.” போதும், கயிறு கிடைத்துவிடும். இரண்டொரு வாரம் கழித்துக் கதை நடத்துபவர் கடைக்காரராகவே மாறி, “என்ன தம்பி வேணும்?” என்பார். “கயிறு வேணும்” என்று அவனே சொல்ல வேண்டும். அடுத்த படி, “சத்தமா சொல்லு, காதுல விழல.” அதற்கும் அடுத்தது, கடைக்காரர் இல்லை என்கிறார், பேரம் பேச வேண்டும். கடைசி இருபது நிமிடத்தில் கேள்வி கதையை விட்டு வெளியே வரும்: “காதுல விழலன்னு சொன்னப்ப வயித்துல என்ன பண்ணுச்சு? ஸ்கூல்ல எங்க இப்படி ஆகும்?” அந்த வாரத்து வேலை, பள்ளி அலுவலகத்தில் ஒரே ஒரு விவரம் கேட்டு வருவது. பதற்றத்துக்கு உளவியலில் ஏற்கெனவே இருக்கும் படிப்படியான எதிர்கொள்ளல் பயிற்சிதான் இது. கதை அதற்குப் படிக்கட்டு கட்டித் தருகிறது. மூன்றாம் படியை முதல் வாரத்திலேயே வைத்தால் அந்தப் பையன் அடுத்த வாரம் வர மாட்டான்.

பகடையையும் கணக்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இலக்கு 15 என்றால் 15 முதல் 20 வரை ஆறு எண்கள் மட்டுமே கைகொடுக்கும், 30 சதவீதம். பாத்திரத்தின் திறமைக்கு 3 கூட்டினால் 12 விழுந்தாலே போதும், 45 சதவீதம். நண்பன் உதவினால் இன்னும் கூட்டித் தரலாம் என்று வைத்தால், உதவி கேட்கத் தயங்கும் பிள்ளை தானாகவே கேட்கத் தொடங்கும். விழாவிட்டாலும் கதை அடைபடக் கூடாது. பூட்டு திறக்கவில்லையா, சத்தம் கேட்டுக் காவலாளி வருகிறார். அவரிடம் பேசிப் பார்க்கலாம். தோல்விக்குப் பின்னும் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது என்பதைப் புத்திமதியாகச் சொன்னால் ஏறாது, இப்படி ஏறும்.

இதிலும் கெடுவதற்கு வழிகள் உண்டு. ஆட்டத்தின் மேல் ஆசை வைத்தவர் விதிப் புத்தகம் முழுவதையும் இறக்கிவிடுவார். கவனக்குறைவு உள்ள பிள்ளை மூன்று பக்கப் பாத்திரத் தாளிலேயே தொலைந்துபோகும். அரைப் பக்கம் போதும். சண்டைக் காட்சி நேரத்தைத் தின்னும்: ஐந்து பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரே சுற்றுக்குக் கால் மணி. ஆர்வத்தில் கதை நீண்டு கடைசிப் பேச்சு விடுபட்டுப் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பாத்திரத்தின் கோபமும் துக்கமும் பிள்ளையோடு வீட்டுக்குப் போகும். சிகிச்சை என்று சொல்லத் தகுந்த பகுதியும் விடுபட்டிருக்கும்.

திரை விளையாட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ‘ஸ்பார்க்ஸ்’ ஏழு நிலைகள் கொண்ட கணினி விளையாட்டு. மனச்சோர்வுக்கான அறிவு-நடத்தைச் சிகிச்சையின் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் முறை) பாடங்கள் அதற்குள் இருக்கின்றன. 12 முதல் 19 வயது வரையான 187 பேரிடம் சோதித்து, வழக்கமான ஆலோசனையைவிடக் குறைந்ததாக இல்லை என்று 2012இல் வெளியிட்டார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் 8 முதல் 12 வயது வரை கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ‘எண்டெவர்ஆர்எக்ஸ்’ விளையாட்டை அனுமதித்தது: நாளுக்கு 25 நிமிடம், வாரம் ஐந்து நாள், நான்கு வாரம், அதுவும் மற்றச் சிகிச்சையோடு சேர்த்து. அளவு, வயது, நோக்கம் எல்லாம் வரையறுத்திருப்பதைக் கவனியுங்கள். கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் போன்ற பொது விளையாட்டை ஆலோசகர் பயன்படுத்துவதானால் தனி உலகத்தில், வெளியார் நுழைய முடியாதபடி, பிள்ளையோடு தானும் ஆட வேண்டும். கறுப்புக் கல்லில் வீடு கட்டினான், ஆகவே மனச்சோர்வு என்று தீர்ப்பு எழுதக் கூடாது. அந்தக் கல் பெட்டியில் நிறைய இருந்திருக்கலாம். “இந்த வீட்டுக்குள்ள யார் யாரு வரலாம்?” என்று கேட்பதுதான் வேலை.

சூப்பர் ஹீரோ, அனிமே பித்தும் இப்படித்தான். ஆலோசகருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்ததுபோல் நடித்தால் இரண்டு நிமிடத்தில் பிடிபடுவார். எந்தப் பாத்திரம் பிடிக்கும், எந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாய், அதில் எதை மாற்றலாம் என்ற மூன்று கேள்விகளுக்குப் பிள்ளை சொல்லும் பதிலில், “உன் பிரச்சினை என்ன” என்று ஒரு மாதம் கேட்டும் வராதது வந்துவிடும்.

யாருக்கு இது கூடாது? தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவருக்குக் குழு விளையாட்டு காத்திருக்கலாம். உடனடித் தனிப்பட்ட கவனிப்பு முதலில் வேண்டும். எந்த நேரமும் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை அழைக்கலாம். எது நிஜம், எது கற்பனை என்று பிரித்தறிய முடியாத நிலையில் இருப்பவருக்குக் கதையாட்டம் கூடாது. விளையாட்டே நோயாகிவிட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. கட்டுப்பாடு இழப்பு, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டுக்கு முதலிடம், கேடு தெரிந்தும் தொடர்வது, இவை வழக்கமாக ஓராண்டு நீடிப்பது அதன் அடையாளம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அதே விளையாட்டைப் பரிசாக நீட்டக் கூடாது.

பணம் கட்டும் முன் பெற்றோர் கேளுங்கள்: உங்கள் அடிப்படைப் படிப்பு என்ன, மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் என்ன, என் பிள்ளைக்கு எழுதியிருக்கும் குறிக்கோள் என்ன, எத்தனை வாரத்தில் மறுபரிசீலனை? வாரயிறுதிப் பயிற்சிச் சான்றிதழை மட்டும் காட்டுபவரிடம் பிள்ளையை விடாதீர்கள். பதிலுக்குப் பெற்றோரிடமும் இரண்டு வேண்டுகோள். மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனையாக அமர்வை நிறுத்தாதீர்கள். மாத்திரையை யாரும் அப்படி நிறுத்துவதில்லை. தேர்வுக்காக நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் இரண்டு அமர்வுகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளையின் பாத்திரம் கதையிலிருந்து விடைபெற ஓர் அமர்வும், மற்றப் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேச ஓர் அமர்வும் தேவைப்படும்.

இப்படிக்கு,
குழந்தைகள் மனநல ஆலோசகர்கள் சிலர்